மச்சானின் வாத்துக் குரல்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் நல்லாயி தன் சிநேகிதிகள் நாலைந்து பேரை வீட்டுக்குக் கூட்டி வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாத்து மாதிரிப் பேசிக் காட்டினாள். எங்கள் சென்னி மாமா கடலுக்கு அடியிலிருந்து இப்படித்தான் பேசுவார் என்று அவள் சொல்ல, அந்தப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரேஷன் வெண்ணெயை ரொட்டியில் இழுத்து இழுத்துத் தடவிக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். என் மனைவி ஜீன் என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

நல்லாயி என்பது என் ஆத்தாளின் பெயர். அது வாயில் நுழையவில்லை என்று பள்ளிக்கூடத்தில் நெல்லி ஆக்கிவிட்டார்கள். என் பெயர் அர்த்தநாரி. அது ஆர்தர் ஆயிற்று. சேலம் ஜில்லாவில் இதைப் படிக்கிற யாராவது ஸ்காட்லாந்துப் பக்கம் வந்து, திருச்செங்கோட்டு அர்த்தநாரி வீடு எது என்று கேட்டால் ஒருவரும் கை காட்ட மாட்டார்கள். ஆர்தர் வீடு என்று கேளுங்கள், கறிக்கடைக்காரர் கடையைப் போட்டுவிட்டு வந்து கொண்டுவிடுவார்.

நெல்லிக்குத் தமிழில் பத்துப் பதினைந்து சொல் தெரியும். அதில் பாதி சாப்பாட்டுச் சாமான். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள்; அந்த இங்கிலீஷும் இந்தத் துறைமுகத்துத் தெரு இங்கிலீஷ், எனக்கே பாதி பிடிபடாது. பெற்ற பிள்ளையிடம் "என்ன சொன்னாய்?" என்று இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை அது உதட்டைச் சுழித்துக்கொண்டு போய்விடுகிறது. ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் விளங்காது, விளங்கவும் வேண்டாம்.

சிரித்ததற்காக அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் குரலை முதன்முதல் கேட்டபோது கப்பல் தட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். பயம் பிற்பாடுதான் வந்தது, வந்தது போகவில்லை. நான் பிறவியிலேயே கொஞ்சம் பயந்தாங்கொள்ளி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயம் வந்த நாளுக்கு இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. எழுதி வைத்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகுமா என்று பார்க்கிறேன்.

2

சென்னியப்பன் என் அக்காள் பாவாயியின் புருஷன். எனக்கு மச்சான். திருச்செங்கோட்டைச் சுற்றி மேட்டுக்காடுகளில் பாறை உடைத்துக் கிணறு வெட்டுகிறவர். தண்ணீர் நிறைந்த கிணற்றில் மூழ்கி, விழுந்த வாளியையும் மண்வெட்டியையும் எடுத்து வருவதிலும் கெட்டிக்காரர். மூச்சை அடக்கினால் மேலே நிற்கிறவர்களுக்கு மூச்சு முட்டும், அவருக்கு முட்டாது.

மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். எங்கள் பக்கத்துக் கிணற்று வேலைக்காரர்களுக்கு அது பழமொழி இல்லை, சட்டம். கிணற்றுக்குள் இறங்குகிறவனுக்கு மேலே நின்று கயிறு பிடிக்கப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனைத்தான் நிறுத்துவார்கள். சொந்தத் தம்பியை நிறுத்த மாட்டார்கள். அண்ணன் போனால் தம்பிக்குப் பங்கு கூடும். மச்சினனுக்கோ அக்காள் தாலியறுத்து வாசலில் வந்து நிற்பாள். ஆகையால் அவன் கையிலிருந்து கயிறு நழுவாது என்று பெரியவர்கள் யோசித்து வைத்தது. கீழே போனவன் ஏறி வருகிற வரைக்கும் கயிறு பிடிப்பவன் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நிற்க வேண்டும். நான் மீசை அரும்பியதிலிருந்து மச்சானுக்குக் கயிறு பிடித்தவன்.

மழை தொடர்ந்து பொய்த்தபோது கிணறு வெட்டச் சொல்வார் இல்லை. கொழும்புத் துறைமுகத்தில் தண்ணீருக்குள் வேலை செய்ய ஆள் வேண்டும் என்று ஒருவர் வந்து கூப்பிட்டார். மச்சான் துணி மூட்டையைக் கட்டினார். அக்காள் அவரைத் தடுக்கவில்லை, என்னைத்தான் தனியே அழைத்தாள்.

"கயத்த நீதான் புடிக்கோணும் சாமி. வேற ஆரு கையிலயும் குடுத்தறாதே" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக நானும் கிளம்பினேன். கொழும்பில் மச்சான் இரும்புத் தொப்பி போட்டு முழுகக் கற்றுக்கொண்டார். நான் முழுகுகிறவரோடு பேசும் டெலிபோன் கம்பி வேலையைக் கற்றுக்கொண்டேன். உலகச் சண்டை தொடங்கியதும், முழுகிய கப்பல்களை எடுக்கிற கம்பெனி ஒன்று எங்கள் இருவரையும் ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவந்தது. சண்டை முடிந்த பிறகும் கம்பெனி விடவில்லை, நாங்களும் போகவில்லை. அதற்குள் எனக்கு ஜீனும் நெல்லியும் ஆகிவிட்டார்கள். மச்சான் எங்கள் மாடியறையில் இருக்கிறார். அக்காள் பள்ளிபாளையத்தில் ஆற்றோரம் ஒற்றை வீட்டில் இருக்கிறாள். பிள்ளை இல்லை. ஆத்தாளும் போன பிறகு அவளுக்கென்று உலகத்தில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

3

சண்டைக்குப் பிறகு கம்பெனிக்கு ஒரு வேலை வந்தது. இந்த நாட்டில் மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து கிடக்கும். அப்படி ஒரு கழியில் தாமிரக் கட்டிகளோடு ஒரு கப்பல் முழுகிக் கிடந்தது. ஐந்தாறு பனைமரத்தை ஒன்றன்மேல் ஒன்று நட்டால் வருகிற ஆழம். சாதாரணக் காற்றை அவ்வளவு ஆழத்தில் சுவாசித்தால் கள் குடித்தவன் போல மயக்கம் வந்துவிடும். சிரித்துக்கொண்டே குழாயைக் கழற்றிப் போட்ட ஆட்கள் உண்டு. அதற்காக அமெரிக்காவிலிருந்து ஹீலியம் என்று ஒரு வாயுவை இரும்பு உருளைகளில் கொண்டுவந்தார்கள். பிராணவாயுவில் அதைக் கலந்து கீழே அனுப்பினால் புத்தி தெளிவாக இருக்கும்.

புத்தி தெளிந்தது, பேச்சு கெட்டது. ஹீலியத்தைச் சுவாசிக்கிறவன் வாயிலிருந்து மனிதக் குரல் வருவதில்லை. முதல் நாள் மச்சான் கீழே போய் என்னவோ சொன்னார். டெலிபோனில் ஒரு வாத்து கத்தியது. அன்றைக்குத்தான் நாங்கள் சிரித்தது. இரண்டாம் நாள் அந்த வாத்து ஓயாமல் கத்தியது, ஒரு எழுத்தும் விளங்கவில்லை, என்ன வேண்டும் என்று தெரியாமல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மேலே வந்த பிறகுதான் தெரிந்தது, உடுப்பைச் சூடாக்குகிற மின்கம்பி அறுந்து குளிரில் விறைத்துப்போய்க் கத்தியிருக்கிறார். ஹீலியத்துக்கு இன்னொரு குணம், உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கம்பெனி இன்ஜினியர் மெக்ரே நல்ல மனிதர். மச்சானிடம் உயிரையே வைத்திருந்தார். முழுகுகிறவரின் பேச்சை எப்படியாவது விளங்க வைத்துவிட வேண்டும் என்று தூக்கம் கெட்டு அலைந்தார். மச்சான் பேச்சை இசைத்தட்டில் பதிந்து, தட்டை மெதுவாகச் சுழல விட்டுப் பார்த்தார். குரல் தடித்து, மனிதப் பேச்சுப் போலச் சில சொற்கள் தெரிந்தன. ஆனால் பதிந்து, திருப்பிப் போட்டுக் கேட்டு முடிப்பதற்குள் கீழே இருப்பவர் கதை முடிந்துவிடும். பிறகு ஹீலியத்திலும் சிதையாத இங்கிலீஷ் சொற்களாகப் பொறுக்கி ஒரு வரிசை செய்தார். மச்சானுக்கு அந்தச் சொற்களே வாயில் நுழையவில்லை.

கடைசியில் நாங்களே ஒரு வழிக்கு வந்தோம். கிணற்றின் அடியிலிருந்து பேசினால் பேச்சு சுவரில் மோதிக் கூழாகிவிடும். ஆகையால் எங்கள் பக்கத்தில் கிணற்றுக்குள்ளிருந்து யாரும் பேசுவதில்லை, கூவுவார்கள். மண்கூடை ஏறட்டும் என்பதற்கு ஒரு கூப்பாடு. கயிற்றைத் தளர்த்து என்பதற்கு ஒன்று. ஆளை இழு என்பதற்கு ஒன்று. இழுக்காதே, அப்படியே நில் என்பதற்கு ஒன்று. மேலே நிற்கிறவன் கீழே என்ன சங்கதி என்று கேட்பதற்கும் ஒன்று உண்டு. சொல் எதுவாக இருந்தாலும் சரி, ராகம் மாறக் கூடாது. ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் மச்சான் கடலடியிலிருந்து கிணற்றுக் கூப்பாடு போட்டார். வாத்து கூவியது. ஆனால் ராகம் அப்படியே இருந்தது. நான் கேட்ட மாத்திரத்தில் கயிற்றைத் தளர்த்தச் சொன்னேன், சரியாக இருந்தது.

மெக்ரே சந்தோஷத்தில் என் முதுகில் அறைந்தார். ஹீலியம் வாய்க்குள் உருளுகிற ஓசையைத்தான் மாற்றுகிறது, தொண்டையின் சுருதி கிட்டத்தட்ட அதேதான் என்று காகிதத்தில் கோடு போட்டு எனக்கு விளக்கினார். இவ்வளவு நாளாக அது நமக்குத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும்தான் தோன்றவில்லை. அதிலிருந்து டெலிபோன் என் கையில் இருந்தது. பேச்சு விளங்காத தேசத்தில் ஒரு சின்ன இடமாவது எனக்கென்று கிடைத்ததாக நினைத்து, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டும் நடந்தேன்.

4

அதற்கு வந்தது வினை. நம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் இங்கே ஆபீஸ்காரர்களுக்கு ஒரு குழப்பம் வந்துவிட்டது. முழுகுகிறவரின் உயிர் யார் கையில் இருக்கிறதோ அந்த ஆள் எந்த நாட்டுப் பிரஜை என்று தெரிய வேண்டும் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்டார்கள். கப்பலேறி வந்தபோது நான் சக்கரவர்த்தியின் பிரஜை. இப்போது யார் என்று கேட்டால் எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

துறைமுக ஆபீசில் ஒரு குமாஸ்தா, பிறந்த சான்றிதழ் கொண்டுவா என்றார். திருச்செங்கோட்டுத் தேர் ஓடிய வாரத்தில் பிறந்தேன் என்று சொன்னேன். அது எந்தத் தேதி என்றார். தேர் வருஷா வருஷம் ஓடுமே, எந்த வருஷத்துத் தேர் என்று ஆத்தாளைத்தான் கேட்க வேண்டும், ஆத்தாள் போய்விட்டாள். தாலுகா ஆபீசுக்கு எழுதிப் போட்டேன். மனுதாரர் நேரில் ஆஜராக வேண்டும் என்று பதில் வந்தது. குமாஸ்தாவிடம் அதைக் காட்டினேன். ஆஜராகி வாருங்கள் என்றார். பக்கத்துத் தெருவுக்குப் போய் வரச் சொல்வது போலச் சொன்னார். போனால் திரும்ப விடுவீர்களா என்று கேட்டேன், அது வேறு ஜன்னல் என்றார். அர்த்தநாரி என்ற பெயரை அவர் எழுதிய விதத்தைப் பார்த்தால் எனக்கே என்னை அடையாளம் தெரியாது.

என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், அனுப்பிவிட்டால் மச்சான் கயிறு யார் கையில் இருக்கும் என்பது. காகிதம் சரியாகிற வரைக்கும் நான் டெலிபோனைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. மெக்ரே தலையைக் குனிந்துகொண்டுதான் அதை என்னிடம் சொன்னார். தாமே டெலிபோனில் உட்காருவதாகவும், குரலின் கீச்சை வடிகட்டுகிற ஒரு பெட்டி செய்திருப்பதாகவும், பயம் வேண்டாம் என்றும் சொன்னார். மச்சான் அவரிடம் அந்த இங்கிலீஷ் சொற்களையே எப்படியாவது பேசிப் பார்க்க ஒத்துக்கொண்டார். காகிதம் வருகிற வரைக்கும் இறங்கவே வேண்டாம் என்றேன் நான்.

"ரெண்டு வாரம் நாம இறங்காம இருந்தா சோத்துக்கு என்ன பண்றதுங்க மாப்ளே? பாவாயிக்கு என்னத்த அனுப்பறது?" என்றார் மச்சான்.

5

அன்றைக்குக் காற்று இல்லை, மழை தூறிக்கொண்டிருந்தது. மச்சானுக்கு இரும்புத் தொப்பியை மாட்டினார்கள். தொப்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு இறங்கினார். மெக்ரே காதில் டெலிபோனை மாட்டிக்கொண்டு தம் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். எனக்குக் கயிறு சுருட்டுகிற வேலை. பத்து அடி தள்ளி நின்றேன். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

கீழே போய்ச் சேர்ந்த வரைக்கும் சரியாக இருந்தது. பிறகு மெக்ரே, திருப்பிச் சொல், திருப்பிச் சொல் என்று கேட்க ஆரம்பித்தார். திரும்பத் திரும்பக் கேட்டார். மச்சான் என்னவோ சொல்லியிருக்கிறார், பெட்டி கீச்சை வடிகட்டியும் இவருக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். கயிற்றை இழுத்துச் சைகை கேட்டார்கள். கீழிருந்து பதில் இழுப்பு வரவில்லை. மெக்ரே டெலிபோனை ஒலிபெருக்கியில் போட்டார். கப்பல் தட்டு முழுக்க ஹீலியம் சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூச்சு விடுகிறாரா என்று அந்தச் சீறலில் கண்டுபிடிக்க முடியாது.

அதுவரை விதிப்படி "டைவர், டைவர்" என்றுதான் மெக்ரே கூப்பிட்டார். இப்போது அவருக்கும் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில் பிரியம் முந்திக்கொண்டது.

"சென்னி" என்று கூப்பிட்டார். "சென்னி, சென்னி, பதில் சொல். சென்னியப்பன்."

நான் கயிறு சுருட்டுவதை விட்டேன். எங்கள் பக்கத்தில் கிணற்றில் இறங்கியிருப்பவனை மேலே இருந்து யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மச்சான், மாமா, ஏனுங்க என்று எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம், பேரைச் சொல்லக் கூடாது. ஒரே ஒரு சமயத்தில்தான் சொல்வார்கள். இறங்கியவன் முழுகி, ஏறி வராமல் போனால், வீட்டு ஆட்கள் எல்லோரும் கிணற்றைச் சுற்றி நின்றுகொண்டு அவன் பேரைச் சொல்லித் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். பிணம் மிதக்கிற வரைக்கும் கூப்பிடுவார்கள். ஒரு மழைக் காலத்தில் பள்ளிபாளையத்துக்கு மேற்கே ஒரு கிணற்றில் நான் அதைக் கேட்டிருக்கிறேன். மச்சானும் என் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

கீழே இருப்பவருக்கு மேலிருந்து பேசுவது தெளிவாகக் கேட்கும். அவர் உயிரோடிருந்தால், செத்தவனைக் கூப்பிடுகிற இந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்ல மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் உயிரோடில்லாவிட்டாலும் பதில் வராது. எது என்று எனக்குத் தெரியவில்லை.

மயக்கம் போட்டுவிட்டார், மேலே இழுங்கள் என்றார் மெக்ரே. நடுவில் நிறுத்தாமல் நேராக மேலே இழுக்கச் சொன்னார். படிப்படியாக நின்று நின்று ஏற வேண்டிய ஆழம் அது. நேராக இழுத்தால், கோலி சோடாவைத் திறந்தது போல ரத்தம் நுரைத்துவிடும். மூச்சு நின்றவனுக்கு மெதுவாக ஏற்றி என்ன பயன் என்று அவர் நினைத்தார். அவர் நினைத்ததும் தப்பில்லை. கயிறு சுற்றுகிற இயந்திரத்துக்காரன் பிடியில் கை வைத்தான். கயிறு விறைத்தது.

நான் ஓடிப்போய் மெக்ரேயின் கையைப் பிடித்தேன். மச்சான் மயக்கம் போடவில்லை, நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவதால்தான் பேசாமல் இருக்கிறார் என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் மெக்ரே விழிப்பதைப் பார்த்து எனக்கு உறைத்தது, அத்தனையும் தமிழில் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் வாயைத் திறந்தேன். மறுபடியும் தமிழ்தான் வந்தது. இத்தனை வருஷம் பேசின இங்கிலீஷ் அத்தனையும் தலையிலிருந்து துடைத்தது போலப் போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் நான் பட்டதில்லை. மச்சான் அங்கே ஊமை, நான் இங்கே ஊமை, நடுவில் கயிறு ஏறிக்கொண்டிருந்தது.

பேசிப் பயனில்லை என்று பேசுகுழலை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். மெக்ரே தடுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிணற்றுக் கூப்பாடு போட்டேன். கீழே என்ன சங்கதி என்று கேட்கிற கூப்பாடு. அடித்தொண்டையில் தொடங்கி, மேலே ஏறி, அங்கேயே நின்று, சட்டென்று இறங்க வேண்டும். கூப்பாடு பாதியில் உடைந்தது. திரும்பவும் போட்டேன். கப்பல்காரர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாகப் பார்த்தார்கள்.

சீறல் மட்டும் கேட்டது. அக்காள் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. மூன்றாவது முறை கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை, ஆனாலும் கூப்பிட்டேன்.

வாத்து கூவியது. நடுங்கி நடுங்கி, விட்டு விட்டு வந்தது. ஆனால் ராகம் தப்பவில்லை. சமமாக நீண்டு, வெட்டினாற்போல நின்றது. இழுக்காதே, அப்படியே நில்.

"ஸ்டாப்" என்று கத்தினேன். அந்த ஒரு இங்கிலீஷ் சொல்தான் எனக்குத் திரும்பி வந்தது, அதுவே போதுமாக இருந்தது. மெக்ரே கையை உயர்த்தினார், இயந்திரம் நின்றது. கயிறும் காற்றுக் குழாயும் உடைந்த இரும்புத் தகட்டில் மாட்டிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் குழாய் அறுந்திருக்கும். மச்சான் முதலில் இங்கிலீஷில் சொல்லப் பார்த்தது அதைத்தான். அவர் மெல்லக் குழாயை விடுவித்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து, இழு என்ற கூப்பாடு வந்தது.

நின்று நின்று ஏற்றினோம். ஒவ்வொரு நிலையிலும் நான் கூப்பிட்டேன், அவர் பதில் கூவினார். நடுவில் மெக்ரே என் தோளில் கை வைத்தார். எனக்கு அழுகை வரப் பார்த்தது, கயிறு பிடிப்பவன் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

6

மேலே வந்ததும் அவரை இரும்பு அறைக்குள் படுக்க வைத்தார்கள். அழுத்தம் இறங்குகிற வரைக்கும் அதற்குள் இருக்க வேண்டும். அங்கே சாதாரணக் காற்று, குரல் மனிதக் குரலாகத் திரும்பியிருந்தது. வெளியே சின்னக் கண்ணாடிக்கு முன்னால் நான் டெலிபோனோடு உட்கார்ந்தேன். அப்போது யாரும் என்னிடம் காகிதம் கேட்கவில்லை. மச்சான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உதடு நீலம் பாரித்து, உதறிக்கொண்டிருந்தார். கீழே உடுப்புச் சூடு மறுபடி நின்றுபோயிருக்கிறது. குளிரில் புத்தி பாதி உறைந்துபோன நிலையில்தான் அவர் அந்தக் கூப்பாட்டைக் கேட்டிருக்கிறார்.

ஏன் பேசவில்லை என்று தெரிந்திருந்தும் எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. மெக்ரே அத்தனை தடவை கூப்பிட்டாரே, ஒரு முனகலாவது முனகக் கூடாதா, எங்கள் உயிர் போய் உயிர் வந்ததே என்று கத்தினேன். மச்சான் கம்பளியை இன்னும் இழுத்துக்கொண்டார்.

"பேரு சொல்லிக் கூப்புட்டாங்கல்ல மாப்ளே. ஒருக்கா ரெண்டு தரமில்ல, ஓயாமக் கூப்புட்டாங்க. செரி, நாம செத்துப்போயிட்டம், மேல நின்னு கூப்புடறாங்கன்னு நெனச்சுட்டனுங்க. செத்தவன் பதில் சொன்னா கூப்புட்டவங்களையும் கூட்டிட்டுப் போயிருவான்னு சொல்லுவாங்கல்ல. நீங்களும் மேலதான் நின்னுட்டிருப்பீங்க. அதான் வாயத் தொறக்கல."

அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் பதில் கூவினீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நீங்க பேரச் சொல்லலீங்களே. கெணத்துக் கூப்பாடு போட்டீங்க. காதுகிட்ட நின்னு கூப்புட்டாப்பல இருந்துச்சு. அட சாமி, மாப்ளயும் செத்து இங்கயே வந்துட்டாராட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க." அவர் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ரெண்டு பேரும் போயிட்டம், இனிப் பாவாயிக்கு ஆரு இருக்கறாங்கன்னு அங்கயே அழுதுட்டனுங்க. நான் கூவுனது பாதி பழக்கம், பாதி அழுகைதான்."

டெலிபோன் என் மடியில் கிடந்தது.

என் காகிதம் இன்னும் வரவில்லை. மெக்ரே என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது, டெலிபோனில் நான்தான் உட்காருகிறேன். தாமிரத்தில் பாதிதான் மேலே வந்திருக்கிறது. மச்சான் வருகிற திங்கட்கிழமை மறுபடியும் இறங்குகிறார்.

இங்கே வந்த பிறகு தண்ணீர் வேலை இல்லை, கப்பல் கம்பெனியில் கிடங்கு பார்க்கிறோம் என்றுதான் அக்காளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிபாளையத்தில் இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அவளிடம் வாசித்துக் காட்ட வேண்டாம். கேட்டால், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.